கரண்ட் வரும் நொடியில் நீங்களும் தூக்க வேண்டும்

பக்கவாதத்துக்குப் பின் தரப்படும் மின்தூண்டல் சிகிச்சை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர் பதிலளிக்கிறார்.

என் கணவருக்கு 58 வயது. மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறிவிட்டது, கை அசையவில்லை. பக்கத்து பிசியோதெரபி மையத்தில் தினமும் 15 நிமிடம் கரண்ட் வைக்கிறார்கள். அப்போது மணிக்கட்டு தானாக எழும்புகிறது. நிறுத்தியதும் தொப்பென்று விழுந்துவிடுகிறது. இதனால் பயன் உண்டா?
– வாசகி, மன்னார்குடி

அம்மா, பயன் உண்டு. ஆனால் அது கரண்டில் மட்டும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பக்கவாதத்தில் அடிபடுவது மூளை. மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அடைபடுவதாலோ, ரத்தக்குழாய் வெடித்துக் கசிவதாலோ, கையை அசைக்கும் கட்டளை பிறக்கும் இடமும் அது கீழே இறங்கி வரும் பாதையும் சேதமடைகின்றன. முதுகுத்தண்டிலிருந்து கைக்கு வரும் நரம்பும் கையிலுள்ள தசையும் அப்படியே இருக்கின்றன. தோலில் ஒட்டிய பட்டைகள் வழியாகச் சிறு துடிப்புகளாக மின்சாரத்தைச் செலுத்தும்போது, அது தசையை நேரடியாக அசைப்பதற்கு முன், தசைக்குள் நுழையும் அந்த நரம்பைத்தான் கிளப்புகிறது, நரம்பு தசையைச் சுருக்குகிறது, மணிக்கட்டு எழும்புகிறது. இதில் மூளைக்கு வேலையே இல்லை. முதல் நாள் கை எழும்புவதைப் பார்த்து, ‘கை வந்துவிட்டது’ என்று குடும்பமே கண்கலங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியைக் குலைக்க மனம் வராது. ஆனாலும், அந்த அசைவு காட்டுவது நரம்பும் தசையும் நலமாக இருக்கின்றன என்பதை மட்டுமே என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து அதே குடும்பம் மனம் உடைந்து சிகிச்சையையே நிறுத்திவிடுகிறது.

கரண்ட் வரும் அதே நொடியில் உங்கள் கணவரும் கையைத் தூக்க மனதார முயல வேண்டும். மூளையிலிருந்து கிளம்பும் முயற்சியும், தசை சுருங்கி மூட்டு அசைந்த உணர்வும் ஒரே நேரத்தில் மூளையில் சேரும்போதுதான், பிழைத்திருக்கும் நரம்புச் செல்கள் புதிய இணைப்புகளைப் பழகிக்கொள்ள வாய்ப்பு ஏற்படுகிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக உள்ளவர்களின் முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பை, அவர்கள் சும்மா இருக்கும்போது ஒரு முறையும், தாங்களும் பாதத்தைத் தூக்க முயலும்போது இன்னொரு முறையும் தூண்டிப் பார்த்தார்கள். முயற்சியும் சேர்ந்திருந்தபோதுதான் மூளையின் இயக்கப் பகுதி கூடுதலாக விழிப்படைந்தது.

நான் எப்படிச் செய்கிறேன் என்பதை, தையல் வேலை செய்துவந்த ஓர் அம்மாவுக்குச் செய்ததை வைத்தே சொல்கிறேன். அவர் வரும்போதெல்லாம் கையில் தைலம் பூசியிருக்கும். எண்ணெய்ப் படலம் மின்சாரத்தைச் சரியாக இறங்க விடாது என்பதால், முதல் வேலையாக முழங்கைக்குக் கீழே சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்வேன். முன்கையை மடித்த துண்டின் மேல் வைத்து, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்குமாறு உட்கார வைப்பேன். ஒரு பட்டை முழங்கைக்குக் கீழே, முன்கையின் பின்புறச் சதையில். இன்னொன்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அதே பின்புறத்தில். குமிழை மெதுவாகத் திருகும்போது முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், பிறகு சுருக்கென்று இருக்கும், அதற்குப் பிறகுதான் விரல்களும் மணிக்கட்டும் எழும்பும். ஆறு நொடி ஓட்டம், பன்னிரண்டு நொடி ஓய்வு. எதிரே ஒரு வெறும் எவர்சில்வர் தம்ளர். கருவியின் விளக்கு எரியப் போகும் தறுவாயில், ‘இப்ப தூக்குங்கம்மா’ என்பேன். விரல்கள் விரியும்போது தம்ளரை உள்ளங்கைக்கு நேரே நகர்த்துவேன். கரண்ட் அடங்கும்போது விரல்கள் அதன் மேல் மூடிக்கொள்ளும். பன்னிரண்டாம் நாள் கரண்ட் நின்றதும் மணிக்கட்டு உடனே விழவில்லை. ஒரு நொடி தயங்கித்தான் இறங்கியது. அந்த ஒரு நொடி அவருடையது. அடுத்து வந்த நாள்களில், முன்பு வைத்த அளவுக்குக் குமிழைத் திருகாமலேயே கை அதே உயரத்துக்கு எழும்பியது. உங்கள் கணவரிடமும் இந்த இரண்டையும் கவனியுங்கள்: விழத் தாமதமாகிறதா? குறைந்த கரண்டிலேயே எழும்புகிறதா?

சிகிச்சை மையத்தில் அவரைப் படுக்க வைத்து, பட்டையை ஒட்டி, கருவியை ஓட விட்டு, பணியாளர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாரா? உங்கள் கணவர் கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அப்படியென்றால், பணிவாக, ஆனால் தயங்காமல், அவரை உட்கார வைத்து முயற்சியோடு சேர்த்துச் செய்யும்படி கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே நேரத்தில் எட்டுப் பேரைப் பார்க்க வேண்டியிருந்த ஒரு மையத்தில், நானும் அப்படித்தான் செய்தேன். அவர்களில் சிலருக்கு மிக முக்கியமான முதல் மூன்று மாதங்கள் அப்படியே போய்விட்டன என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. கரண்ட் முடிந்த கையோடு, அதே கையால் துணி மடிப்பது, தட்டை நகர்த்துவது போன்ற வேலைகளை அரைமணி நேரமாவது செய்ய வைக்க வேண்டும்.

இன்னொன்று. நம் மையங்களில் உள்ள பழைய கருவிகளில் ‘ஃபாரடிக்’, ‘கால்வானிக்’ என இரண்டு வகை மின்னோட்டம் இருக்கும். பக்கவாதத்துக்கு வேண்டியது முதல் வகை. இரண்டாவது, முகவாதம் போல நரம்பே அடிபட்ட தசைகளுக்கானது. அதைக் கவனமின்றி வைத்தால் தோல் வெந்துபோகும். எதை வைக்கிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இணையத்தில் 1,500 ரூபாய்க்குக் கிடைத்த ‘டென்ஸ்’ கருவியை அப்பாவுக்காக வாங்கிவிட்டேன். அதையே கைக்கு வைக்கலாமா?
– வாசகர், ஓசூர்

‘டென்ஸ்’ என்பது வலியைக் குறைப்பதற்கான கருவி. உணர்வு நரம்புகளைத் தூண்டி, வலியின் செய்தி மூளைக்குப் போவதை மட்டுப்படுத்துவதே அதன் வேலை. பெரும்பாலும் நொடிக்கு 80 முதல் 100 துடிப்புகள் வரை, தசை சுருங்காத அளவில் வைப்பார்கள். தசையைச் சுருக்கி ஒரு மூட்டை அசைக்க, நொடிக்கு 30 முதல் 40 துடிப்புகள் போதும். ஆனால் ஒவ்வொரு துடிப்பின் அகலமும் (அது நீடிக்கும் நேரம்) வலுவும் கூடுதலாக இருக்க வேண்டும், ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வர வேண்டும், கரண்ட் ஒரேயடியாக ஏறாமல் ஓரிரு நொடிகளில் படிப்படியாக ஏற வேண்டும். சில கருவிகளில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. உங்கள் கருவியில் ஓட்ட நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதென்றால் இந்த வேலைக்கு அது உதவாது.

ஓய்வு நேரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாமாகக் கையைத் தூக்கும்போது தசை இழைகள் முறை வைத்து வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் உழைக்க இன்னொரு கூட்டம் ஓய்வெடுக்கும். மின்சாரம் தூண்டும்போது, பட்டைக்கு அருகிலுள்ள அதே இழைகள் ஒவ்வொரு முறையும் ஒன்றாகச் சுருங்குகின்றன. அவற்றில் சீக்கிரம் களைக்கும் பெரிய இழைகளே அதிகம். அதனால்தான் பத்து நிமிடத்தில் எழும்புவது குறைகிறது; வீட்டில் இருப்பவர்கள் கருவி பழுதோ என்று எண்ணிக் குமிழை ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றக் கூடாது. தொடக்கத்தில் ஓட்டத்தைப்போல் இரு மடங்கு ஓய்வு தந்து, வாரங்கள் போகப் போகக் குறைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய கருவியோடு ஒரு முறையேனும் இயன்முறை மருத்துவரிடம் போய், பட்டை ஒட்ட வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை விலகினாலும் மணிக்கட்டு தூக்குவதற்குப் பதில் விரல்கள் மடங்கிவிடும். பட்டையின் பசை காய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பாதி ஒட்டி, பாதி விலகிய பட்டையில் முழுக் கரண்டும் சிறு இடத்தில் இறங்கித் தோலைச் சுட்டுவிடும்.

என் அம்மாவுக்கு இடது பாதம் தொங்குகிறது. நடக்கும்போது கட்டைவிரல் தரையில் உரசி, செருப்பு கழன்றுவிடுகிறது. பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் நல்லதா, கரண்ட் கருவி நல்லதா?
– வாசகி, கோவில்பட்டி

மின்தூண்டல் சிகிச்சையின் வரலாறே ஒரு வகையில் இந்தத் தொங்கும் பாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், நோயாளியின் செருப்பில் குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்சைப் பொருத்தினார்கள். குதிகால் தரையை விட்டு எழும்பியதும், முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே உள்ள நரம்புக்குக் கரண்ட் போகும், பாதம் தூக்கிக்கொள்ளும், குதிகால் மறுபடி ஊன்றியதும் கரண்ட் நின்றுவிடும். 1961-இல் இதை வெளியிட்டார்கள். இன்று விற்கப்படும் விலையுயர்ந்த கருவிகளிலும் அடிப்படை அதேதான்; சில கருவிகளில் குதிகால் சுவிட்சுக்குப் பதிலாக, கால் சாயும் கோணத்தை அறியும் உணரி இருக்கிறது.

இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உருவான ஒரு கருவியை, பக்கவாதம் வந்து நாளான 32 பேரைக் கொண்டு சோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். கருவியும் இயன்முறைச் சிகிச்சையும் பெற்றவர்கள் கருவி ஓடும்போது ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாக நடந்தார்கள்; நடப்பதில் ஏற்படும் சிரமமும் குறைந்தது. ஆனால் கருவியை நிறுத்திவிட்டு நடந்தபோது அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. அதாவது, நாளான நோயாளிகளுக்கு அது கண்ணாடி போல: போட்டிருக்கும் வரை பார்வை. அப்படியும் அது சிறு உதவி அல்ல. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2009-இல் மூளை சார்ந்த பாதத் தொங்கலுக்கு இம்முறையைப் பயன்படுத்த வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஸ்பிளின்ட்டோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இரண்டு அமெரிக்காவில் நடந்தன. ஒன்றில் 197 பேர், மற்றொன்றில் 495 பேர். இரண்டிலுமே நடையின் வேகம் இரு தரப்பாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கூடியது. 197 பேர் கலந்துகொண்ட ஆய்வில், கரண்ட் கருவி அணிந்தவர்கள் அதையே அதிகம் விரும்பினார்கள். கணுக்கால் பிளாஸ்டிக்குள் அடைபடாமல் அசைவதை நோயாளிகள் விரும்புவது எனக்கும் பழக்கமான செய்திதான்.

ஆகவே, பணம் ஒரு கேள்வியாக இருக்கும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் ஸ்பிளின்ட்டைத்தான் சொல்வேன். சரியாக அளவெடுத்துச் செய்த, வெளியே போகும்போது செருப்போ ஷூவோ போட்டுக் கட்டக்கூடிய ஸ்பிளின்ட், உங்கள் அம்மா இன்றைக்குக் கீழே விழாமல் காக்கும். அதோடு சாதாரணத் தூண்டல் கருவியை வைத்து, உட்கார்ந்த நிலையில் தினமும் அரைமணி நேரம், அவரும் பாதத்தைத் தூக்க முயலும்படிப் பயிற்சி தரலாம். ஒரு பட்டை, முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டுக்குச் சற்றுக் கீழே. மற்றது முன்காலில், எலும்பை ஒட்டிய வெளிப்புறச் சதையில். பாதம் நேராகத் தூக்காமல் வெளிப்பக்கம் திரும்பினால் மேல் பட்டையைச் சற்று முன்பக்கம் நகர்த்திப் பாருங்கள். வீட்டு வாசற்படியில் கட்டைவிரல் தட்டாமல் ஏறுகிறாரா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய தேர்வு.

பக்கவாதம் வந்த கையின் தோள் இறங்கி, ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. தொட்டாலே வலிக்கிறது என்கிறார் மாமனார். கரண்ட் வைத்தால் தோள் ஏறிவிடுமா?
– வாசகி, சிதம்பரம்

தோள்மூட்டு ஆழமில்லாத கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பந்து. அதைச் சுற்றியுள்ள தசைகள்தான் பந்தை இருத்தி வைக்கின்றன. பக்கவாதத்தில் அவை தளர்ந்ததும் கையின் எடையே பந்தைக் கீழே இழுத்துவிடுகிறது. தோள்பட்டை எலும்பின் மேலுள்ள தசைக்கும் தோளின் பின்புறத் தசைக்கும் தொடக்க வாரங்களிலேயே மின்தூண்டல் கொடுத்தால் இந்த இறக்கம் குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. மாதங்கள் கடந்தபின் தொடங்கினால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. வலி குறையும் என்பதற்கும் இறக்கம் குறைவதற்கு உள்ளது போன்ற சான்று இல்லை. இதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் நன்மை இல்லை.

உங்கள் மாமனாருக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை ஆனாலும் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. பாசத்தோடு வந்து பார்க்கும் உறவினர்கள்தாம் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது முழங்கையிலிருந்து விரல் வரை தலையணையில் தாங்கியிருக்கட்டும். தோள் வலிக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். விரல்களும் சேர்ந்து வீங்கிச் சிவந்திருந்தால் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

தம்பியின் விரல்கள் முஷ்டிபோல் இறுகிக் கிடக்கின்றன. கரண்ட் வைத்தால் இறுக்கம் இன்னும் கூடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– வாசகர், வேலூர்

வைக்கும் இடத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே இறுகியிருக்கும் உள்ளங்கைப் பக்கத் தசைகளின் மேல் வலுவாக வைத்தால், மேலும் மடங்கும் பயிற்சியைத்தான் தருகிறோம். எதிர்ப்புறம், அதாவது விரல்களை விரிக்கும் பின்புறத் தசைகளுக்கு வைத்தால், அவை சுருங்கும்போது மடக்கும் தசைகள் சற்று விட்டுக்கொடுக்கின்றன. அந்தத் தளர்வு சிறிது நேரம் நீடிக்கவும் செய்கிறது. அந்த நேரத்தை வீணாக்காமல் விரல்களை மெல்ல நீட்டி, உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகம் வெட்டி, பிறகு பயிற்சி செய்ய வேண்டும். கரண்டைச் சட்டென்று ஏற்றினால் இறுகிய தசை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஆகவே ஏறும் நேரத்தை இரண்டு நொடிக்கும் மேலாக வையுங்கள். விரலைப் பிரிக்கவே முடியாத நிலை என்றால் நரம்பியல் மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ பாருங்கள். இறுகிய தசையைத் தளர்த்த அதற்குள் போடும் போட்டுலினம் ஊசி இருக்கிறது. ஊசி போட்டபின் செய்யும் பயிற்சிக்கும் பலன் கூடுதலாகக் கிடைக்கலாம்.

யாருக்கெல்லாம் இந்தச் சிகிச்சை கூடாது? அப்பாவுக்கு சர்க்கரை நோயும் உண்டு. தொடையில் தகடு வைத்திருக்கிறார்கள்.
– வாசகர், கரூர்

பேஸ்மேக்கரோ இதயத்தில் பொருத்திய வேறு மின்கருவியோ உள்ளவர்களுக்கு, இதய மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் கூடவே கூடாது. காலில் ரத்தக்கட்டி இருந்தாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ அந்தக் காலில் வைக்கக் கூடாது. முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், புண், கிருமித்தொற்று, கர்ப்பிணியின் வயிறு, இடுப்பு, எவருக்கும் கழுத்தின் முன்புறம் ஆகியவற்றில் வைக்கக் கூடாது. வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தொடைத் தகடு, கைக்கு வைக்கும் கரண்டுக்குத் தடையில்லை. தொடையிலேயே வைப்பதென்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்தான் என்னைக் கூடுதலாக யோசிக்க வைக்கிறது. பக்கவாதத்தாலும் சர்க்கரையாலும் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால், ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார், தோல் வெந்துகொண்டிருக்கும். தொடங்கும் முன், அவர் கண்ணை மூடிய நிலையில், குளிர்ந்த நீரிலும் வெதுவெதுப்பான நீரிலும் நனைத்த துணிகளால் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் வீட்டில் நீங்களாக வைக்காதீர்கள். பட்டையை எடுத்தபின் இளஞ்சிவப்பு இருப்பது இயல்பு; ஒரு மணி நேரம் கழித்தும் மறையாவிட்டால் அன்றோடு நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

எனக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இனிமேல் கரண்ட் வைத்து என்ன பயன் என்று மகன் கேட்கிறான். பழையபடி எழுத முடியுமா? தசையின் மின்சமிக்ஞையை உணர்ந்து கரண்ட் அனுப்பும் கருவிகள் இருக்கின்றனவாமே, அவை நல்லவையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா, உங்கள் கடிதம் இடது கையால் எழுதப்பட்டது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருந்தது. அந்த விடாமுயற்சிக்கு உண்மையான பதில்தான் தர வேண்டும்.

முதல் மூன்று மாதங்களில்தான் மூளை மிக வேகமாகத் தேறுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வேகம் குறைகிறது. குறைகிறதே தவிரக் கதவு சாத்தப்படுவதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், பக்கவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலான 80 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2016-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் கருவி தானாகக் கரண்ட் அனுப்பி விரல்களை விரித்தது. மறு பிரிவினர் நல்ல கையில் உணரிகள் பொருத்திய கையுறை அணிந்துகொண்டார்கள். நல்ல கையை எவ்வளவு விரிக்கிறார்களோ அந்த அளவுக்குக் கரண்ட் போய் விழுந்த கையும் விரியும். அதாவது, எப்போது விரிய வேண்டும், எவ்வளவு விரிய வேண்டும் என்பதை நோயாளியே தீர்மானித்தார். 12 வாரங்கள் பயிற்சி. அதன்பின் ஆறு மாதங்கள் கழித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்ற முடிகிறது என்று எண்ணினார்கள். தானாக ஓடிய கரண்டைப் பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.8 கட்டைகள் கூடின. தாமே இயக்கியவர்களுக்கு 4.6 கூடின. பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கும், கையில் ஓரளவு அசைவு இருந்தவர்களுக்கும் பலன் கூடுதலாக இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், அசைவே இல்லாத விரல்கள் பேனா பிடித்துப் பழைய கையெழுத்தைத் தரும் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். உங்கள் வலது கை விரல்களில் சிறு அசைவாவது இருந்தால், எட்டு வாரங்கள் முயற்சியோடு கூடிய தூண்டலைச் செய்து பார்ப்பது பொருளுள்ள செயல். இலக்கைச் சிறிதாக வையுங்கள்: இடது கை எழுதும்போது தாள் நகராமல் வலது கை அழுத்திப் பிடிப்பது, குப்பியை வலது கை பிடித்துக்கொள்ள, மறு கை மூடியைத் திறப்பது. எட்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் கருவியை வைத்துவிட்டு, விறைப்பு கூடாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சிகளை மட்டும் தொடருங்கள். உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பயன் இருக்கிறதா என்பதை நாள்காட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், விரலைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

தசையின் மின்சமிக்ஞையை உணர்ந்து கரண்ட் அனுப்பும் கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நோயாளி முயன்றால்தான் அவை ஓடும் என்பதால் எனக்கு அவற்றின் மேல் விருப்பம் உண்டு. ஆனால் பக்கவாதம் வந்து அதிக நாளாகாத 122 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தானாக ஓடும் கரண்டைவிட அவை மேல் என்று நிறுவப்படவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. தொண்டைக்கும் கரண்ட் வைப்பார்களாமே?
– வாசகி, நாகர்கோவில்

வைக்கிறார்கள். ஆனால் விழுங்கும் பயிற்சியோடு சேர்த்து, அதற்கெனப் பயின்ற பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் மட்டுமே, அதற்கென்றே உள்ள கருவியால் வைக்க வேண்டும். கழுத்தில் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் இடங்கள் இருப்பதால், கை கால் கருவியைத் தொண்டையில் வைப்பது ஆபத்து. புரையேறுவதைக் கரண்டுக்காகக் காத்திருந்து பார்க்காதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இப்போதைக்கு நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு கரண்டியாகக் கொடுத்து, இந்த வாரமே விழுங்கும் திறனைச் சோதிக்கச் செய்யுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து பிசியோதெரபி மையம் 22 கிலோமீட்டர். ஆட்டோவுக்கும் கட்டணத்துக்கும் சேர்த்துத் தினமும் கொடுக்க எங்களால் முடியவில்லை. கரண்ட் வைக்காமல் விட்டால் அண்ணனுக்குக் கை வராமலே போய்விடுமா? புறா ரத்தம் தடவச் சொல்கிறார்கள் ஊரில்.
– வாசகர், அரூர் அருகே

புறா ரத்தம் வேண்டாம். அது சேதமடைந்த மூளையைப் போய்ச் சேராது, நாள்தான் போகும்.

கரண்ட் வைக்காததால் மட்டும் கை வராமல் போவதில்லை. மின்தூண்டல் ஒரு துணைதான்; திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியே முதன்மை. உங்கள் அண்ணனுக்கு இலேசாகவேனும் கை அசைகிறது என்றால், அந்த அசைவையே ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்ய வைப்பது, முயற்சி இல்லாமல் படுத்துக்கொண்டு வாங்கும் கரண்டைவிட மேல். அசைவே இல்லாத கைக்குத்தான் தூண்டலின் தேவை அதிகம். அந்த நிலையில் தினமும் அலைவதைவிட, வாரம் ஒருமுறை போய் முறையைக் கற்றுக்கொண்டு, ஒரு சிறு கருவியை வாடகைக்கோ விலைக்கோ எடுத்து வீட்டில் செய்வது உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவதோடு, இயன்முறை மருத்துவர் வீடு தேடி வந்து பயிற்சி தருவதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ அண்ணனின் பெயரைப் பதிவு செய்யுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். இரண்டாவது முறை வந்துவிட்டால் இதுவரை பட்டதெல்லாம் வீணாகிவிடும். முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சுக் குழறுவது இவற்றில் எது திடீரென்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். உங்கள் ஊரின் 22 கிலோமீட்டரை அந்த நேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

வருகிற இயன்முறை மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோதான் வர முடியும். இடைப்பட்ட நாள்களில் செய்ய ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஊரில் கிடைக்கும் புளியங்கொட்டை இருபதை ஒரு தட்டில் போடுங்கள். விழுந்த கையை மேசைமேல் வைத்து, உங்கள் கையால் அவருடைய மணிக்கட்டை அடியிலிருந்து தாங்கி, ‘அண்ணா, விரிங்க’ என்று சொல்லுங்கள். அவர் முயலும் அந்த நொடியில் மட்டும் நீங்கள் விரல்களை விரிக்க உதவுங்கள்; முயலாதபோது உதவாதீர்கள். ஒவ்வொரு கொட்டையாக மறு தட்டுக்குப் போகட்டும். காலை இருபது, மதியம் இருபது, மாலை இருபது. எத்தனை கொட்டைக்கு உங்கள் உதவி தேவைப்படவில்லை என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மருத்துவர் வரும்போது முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள்.